கேட்காமல் எடுத்துக்கொள்வது

இந்தக் கதையை நான் பல வருடங்கள் நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் தான் மூக்குடைபட்ட கதையை ஒருவர் இத்தனை குதூகலமாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் இடத்தில் இது நடந்திருந்தால் வெளியே சொல்லியிருப்பேனா என்று யோசிப்பேன். மாட்டேன் என்று தெரியும். உடனே அவரையும் நம்ப முடியாமல் போய்விடும். இருந்தாலும் அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அறவாழி கல்லூரிப் பேராசிரியர். வேலை செய்யும் இடங்களில் வருகிற சண்டைகளைச் சமரசம் பேசித் தீர்ப்பது பற்றி ஆராய்ச்சி செய்து நிறையக் கட்டுரைகள் எழுதியவர். ஒரு சமரசத்திலும் உட்கார்ந்து பேசியதில்லை. அது உறுத்தத் தொடங்கியபோது, ஐம்பது வயதுக்கு மேல், ஒரு குருவைத் தேடிக்கொண்டார்.

குரு அவரைவிட வயதில் சின்னவர். பெயர் தாட்சாயணி. கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டு, வாணியம்பாடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சமரசம் பேசுவதையே தொழிலாக வைத்திருந்த வக்கீல். அறவாழி அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். குரு, சீடர் என்ற வார்த்தைகள் எல்லாம் நான் போட்டுக்கொள்வதுதான்.

ஒரு நாள் காலை அறவாழி தாட்சாயணியின் ஆபீஸ் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்தார்.

"மேடம், கிடைச்சிடுச்சு!"

"முதல்ல மூச்சு விடுங்க சார்."

"அதை அப்புறம் விட்டுக்கலாம். கேளுங்க."

தாட்சாயணி பேசி முடித்துவைத்த பழைய சண்டைகளைத் தேடித் தேடி, அந்தந்தக் கம்பெனிக்கே போய், சமாதானம் நிலைத்ததா உடைந்ததா என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். வயது, பதவி, சம்பளம், சண்டைக்கான காரணம் என்று எதை வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. மதியச் சாப்பாட்டில் குழம்பையும் பொரியலையும் பகிர்ந்துகொள்கிறவர்கள் சேர்ந்தே இருந்தார்கள். பகிராதவர்கள் மறுபடியும் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாட்சாயணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நிஜமாவா சார்? எல்லா இடத்திலயுமா?"

"எல்லா இடத்திலயும்! ஓசூர்ல, ராணிப்பேட்டைல, எங்கே போனாலும் இதேதான்!"

"நான் பேசி முடிச்சிட்டு வந்துடுவேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு இடத்துக்குக்கூடத் திரும்பிப் போனதில்லை. யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல மாட்டாங்களான்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?"

"அதனாலதான் கேக்கறேன் மேடம். இது என் கட்டுரைக்குள்ளயே கிடந்தா யாருக்கு லாபம்? உங்க வேலைக்குள்ள இதை எப்படிக் கொண்டு வர்றது?"

தாட்சாயணி பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஷூ கம்பெனியில இன்னைக்கு ஒரு விவகாரம் இருக்கு. நீங்க நடத்துங்க."

"நானா?"

"பின்ன? கண்டுபிடிச்சது நானா?"

விவகாரம் இரண்டு பெண்களுக்கு இடையில். சகாயமேரி, தையல் லைனின் சூப்பர்வைசர். வெண்ணிலா, அந்த லைனில் தைத்து வரும் ஷூத் தோல்களைச் சரிபார்த்து அனுப்பும் செக்கர். பல வருடச் சிநேகிதம். ஒரு நாள் வெண்ணிலா தையல் சரியில்லை என்று ரிஜெக்ட் சீட்டு கொடுத்தாள். சகாயமேரி அதை வாங்கிக் கசக்கி, எல்லோரும் பார்க்க அவள் காலடியில் வீசினாள். அதிலிருந்து பேச்சு இல்லை. இருவருக்கும் நடுவில் சரக்கு தேங்கியது. இன்று சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மதியம் சாப்பாட்டு ஷெட்டில் அறவாழி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். சுற்றிலும் பெண்கள் டப்பாவைத் திறந்தபடியே வேடிக்கை பார்த்தார்கள்.

"பேச வேணாம். எதுவும் சொல்ல வேணாம். நீங்க கொண்டு வந்ததுல ஒரு கரண்டி அவங்களுக்குக் கொடுங்க. அவங்க ஒரு கரண்டி உங்களுக்குக் கொடுக்கட்டும். அவ்வளவுதான்."

"சார் பந்தி பரிமாற வந்திருக்காரு, இலையைப் போடுங்கடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஷெட்டே சிரித்தது. அறவாழியும் சிரித்தார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சகாயமேரி கருவாட்டுத் தொக்கில் ஒரு கரண்டி அள்ளி, வெண்ணிலாவின் டப்பா மூடியில் வைத்தாள்.

வெண்ணிலா மூடியைப் பார்த்தாள். சகாயமேரியைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா சார், விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி வைக்கிறாங்க."

"சார்தானே வைக்கச் சொன்னாரு?"

"ஓ, அவரு சொன்னதுக்காக வைக்கிறீங்களா? எனக்கு யாரும் பிச்சை போட வேணாம், சூப்பர்வைசரம்மா."

தொக்கை வழித்து சகாயமேரியின் டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டு வெண்ணிலா எழுந்து போனாள். அந்த ஷெட்டில் அப்படி ஒருவரும் செய்ததில்லை. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

சகாயமேரியின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சார் நீங்க? நேத்து வரைக்கும் பேசாமதான் இருந்தோம். இன்னைக்கு நீங்க வந்து ஒரேயடியா வெட்டி விட்டுட்டீங்க."

மீட்டிங் அறைக்கு வந்த அறவாழி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தாட்சாயணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அறவாழிக்கு இருந்தது. மணி இரண்டாகப் போகிறது. தன்னுடைய ஒரு கரண்டியால் இரண்டு குடும்பத்தின் பிழைப்பு போகப்போகிறது. வேறு வழி தெரியாமல் தன் டப்பாவைத் திறந்தார். வீட்டிலிருந்து வந்த உருளைக்கிழங்கு வறுவல்.

ஜன்னல் வழியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த தாட்சாயணி, பார்வையைத் திருப்பாமலே கையை நீட்டி, அவர் டப்பாவிலிருந்து இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அறவாழியின் கை தன்னால் டப்பாவைப் பின்னுக்கு இழுத்தது.

"கேட்டா கொடுத்திருப்பேனே மேடம்?"

"தெரியும் சார்."

"பின்ன?"

"பசி."

அறவாழி இழுத்த டப்பாவைப் பார்த்தார். டப்பாவின் மேல் இருந்த தன் கையைப் பார்த்தார். அப்புறம் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தார்.

"மேடம்! ஓசூர்ல ஒரு அம்மா சொன்னாங்க. 'என் டப்பாவைத் திறக்கறதே அவதான் சார். கேக்கவே மாட்டா, எருமை'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. ராணிப்பேட்டைல ஒருத்தர், 'எனக்கு முன்னாடி அவன் கை உள்ள போயிடும்'னாரு. எல்லாருமே சொன்னாங்க மேடம்! 'பகிர்ந்துகொள்கிறார்களா, ஆம்'னு டிக் போட்டுட்டு நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்!"

"மெதுவா சார்."

"கொடுக்கவே இல்லை! ஒருத்தர்கூடக் கொடுக்கலை! எடுத்துக்கறாங்க! கூப்பிடுங்க மேடம், ரெண்டு பேரையும் உடனே கூப்பிடுங்க!"

"கையைக் கழுவிட்டு வாங்க."

இருவரும் வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அறவாழி முதலில் மன்னிப்புக் கேட்டார். சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

"வெண்ணிலா, இந்தச் சீட்டு வர்றதுக்கு முன்னாடி, தையல் சரியில்லைன்னா என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? நேரா லைனுக்குப் போவேன். அக்கா மேஜை மேல இருக்கிறதுல மோசமானதை எல்லாம் எடுத்து, எந்த மிஷின்ல தைச்சதோ அங்கேயே போட்டுட்டு வந்துடுவேன்."

"அவங்களைக் கேட்டுட்டா?"

"எதுக்குக் கேக்கணும்?"

அக்கா என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. சகாயமேரி கவனித்துவிட்டாள். சுவரிலிருந்து தலை திரும்பியது.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். என் மேஜையில இவ கை வைக்காத நாளே இல்லை. அன்னைக்கு வாசப்படியிலயே நின்னுகினு சீட்டை நீட்டறா. யாரோ மாதிரி. நான் இன்னா, வெளி ஆளா?"

"மேனேஜர் சீட்டுதான் தரணும்னு சொல்லிட்டாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

"சீட்டு தராதேன்னு சொன்னேனாடி? வந்து, எடுத்து, என் கண்ணுல காட்டிட்டு அப்புறம் தா. நூறு சீட்டு தா."

"வரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வீசிட்டியே. அத்தனை பேரு முன்னால."

சகாயமேரி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீசியிருக்கக் கூடாது," என்றாள்.

அறவாழி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் தாட்சாயணி அவர் காலை மிதித்தார். அறவாழி வாயை மூடிக்கொண்டார்.

"ஒப்பந்தம்னு எழுதணுமே, இன்னா எழுதுவீங்க?" என்று வெண்ணிலாதான் கடைசியில் கேட்டாள்.

சகாயமேரி சொன்னதையே எழுதினார்கள். வெண்ணிலா லைனுக்கு வருவாள், எடுப்பாள், காட்டுவாள், அதன் பிறகு சீட்டு. மேனேஜருக்குச் சீட்டு வந்தால் போதும். இருவருடைய வேலையும் தப்பியது.

மறுநாள் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு குருவும் சீடரும் வெளியே வந்தபோது மதிய மணி அடித்தது. பெண்கள் டப்பாவும் கையுமாக ஷெட்டுக்குள் போனார்கள். அறவாழி ஜன்னல் ஓரம் நின்றுவிட்டார். உள்ளே சகாயமேரியும் வெண்ணிலாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சகாயமேரியின் டப்பா திறந்திருந்தது. வெண்ணிலா கையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.

"வாங்க சார், போகலாம்."

"ஒரே நிமிஷம் மேடம்!" அறவாழி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எடுக்கறாங்களான்னு பார்த்துடறேன். இதைப் பார்க்காம நான் எப்படி எழுதறது?"

உள்ளே வெண்ணிலா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் சோற்றைப் பிசைந்தாள்.

"நாம நின்னு பார்த்துக்கிட்டிருந்தா எடுக்க மாட்டாங்க சார்," என்று சொல்லிவிட்டு தாட்சாயணி வாசல் கேட்டை நோக்கி நடந்தார்.

"நானும் பின்னாலயே போயிட்டேன்" என்று முடிப்பார் அறவாழி. ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம்தான், அதே சிரிப்புதான். போன வாரம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமாக நாக்கு நுனியில் நின்றதை நான் கேட்டே விட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க சார். வாசல் கேட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள, ஒரு தடவைகூடவா நீங்க திரும்பிப் பார்க்கலை?"