வாயை மோந்து பார்த்த கரடி

அந்தக் காலத்தில், காட்டில் இருந்த மிருகமெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஆண்கரடிக்கும் குடும்பம் இருந்தது. மனைவி, இரண்டு குட்டிகள், மேல்வரிசையில் பளிச்சென்று இரண்டு முன்பற்கள். நம்பிக்கைதான் கொஞ்சம் குறைச்சல்.

குட்டிகளுக்குப் பெயர் வைக்கும் விருந்துக்கு எட்டு நாள் இருந்தது. மனைவியின் அண்ணன்மார் வருகிறார்கள், அவர்கள் முன்னால் தலைகுனியக் கூடாது என்று, கரடி முதல் தடவையாக இலுப்பைப் பூவும் தேனும் ஊறப்போட்டுக் கள் புளிக்க வைத்தது. மிடா என்கிற பெரிய மண்பானை நிறைய இருந்தது.

குடி விஷயத்தில் கெட்டிக்காரனான மரநாயிடம் கேட்டது. "மிடாவிலேயே விடட்டுமா, மூங்கில் குழாய்களில் ஊற்றி அடைக்கட்டுமா?"

"முதல் தடவைதானே மாமா? மிடாவிலேயே இருக்கட்டும். மூங்கில்ல அடைச்சா சுள்ளுன்னு இருக்கும், ஆனா அடைக்கறதுக்கு முன்னாடி பொங்கறது சுத்தமா அடங்கணும்."

மிடாவில் இருந்தால் இவன் மொண்டு குடிக்க வசதி, அதுதான் சங்கதி என்று கரடி நினைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் நுரை விளிம்பைத் தொட்டது. நான்காம் நாள் காலையில் பார்த்தால் நாலு விரல் இறங்கியிருந்தது.

"யார் குடிச்சது?"

"நுரை தணிஞ்சிருக்குங்க, அவ்வளவுதான். காதை வச்சுக் கேளுங்க, உள்ளே இன்னும் பொங்குது" என்றாள் மனைவி.

சந்தேகம் வந்த பிறகு காது எங்கே கேட்கும்! மரநாயின் கால்தடம் இல்லை. அப்படியென்றால் வீட்டுக்குள்தான். மனைவியின் வாயை மோந்தது. இலுப்பை வாசனை. காடே பூத்துக் கொட்டும் மாதத்தில் வேறென்ன வாசனை வரும்? அதோடு விட்டதா? தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளின் வாயையும் பிளந்து மோந்தது.

"பால்குடிப் பிள்ளைங்களையுமா?" என்றாள் அவள்.

கரடி மூங்கிலை வெட்டி, கள்ளை ஊற்றி, கட்டை வைத்து அடித்து இறுக்கியது.

"பொங்கறப்போ அடைக்காதீங்க!"

"திறந்திருந்தா உனக்குத்தானே வசதி!"

பிறகு குழாய்களைக் கட்டிப்பிடித்தபடி காவல் உட்கார்ந்தது. ஆறாம் நாள் மத்தியானம் ஒரு குழாயில் 'உஸ்ஸ்' என்று சத்தம். எவனோ பின்னாலிருந்து ஓட்டை போடுகிறான் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனது.

டமார்!

ஒன்றுக்குப் பின் ஒன்றாக எல்லாம் வெடித்தன. விருந்துக்கு வைத்த கள் மண்ணோடு போனது, இரண்டு முன்பற்களும் போயின. பச்சிலையைக் கசக்கிக்கொண்டு பதறி ஓடிவந்தாள் மனைவி.

ரத்த வாயோடு கரடி அவளை முறைத்தது. "குழாய் மேல கல்லை எறிஞ்சது நீதானே?"

பச்சிலை அவள் கையிலிருந்து விழுந்தது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று முதல்தான் கரடிகளுக்கு மேல்வரிசையில் அந்த இரண்டு பல் முளைப்பதில்லை. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்து தனியே போகிறது. ஆண்கரடியோ ஒண்டியாய்த் திரிந்து, இலுப்பைப் பூவை விழுந்த இடத்திலேயே தின்றுவிட்டு, இரண்டு காலில் எழுந்து நின்று, யார் குடித்தது என்று இன்னும் மோந்துகொண்டிருக்கிறது.