நேற்றைய தண்ணீர்

ஆற்றுப் பாலத்தடியில் நீர்மட்டம் பார்க்கும் வேலை தவமணிக்கு. மணிக்கு ஒருமுறை அளவுகோலைப் பார்த்து அளவை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்புவாள். அளவு ஏறினால் கீழே மாடு மேய்ப்பவர்களின் செல்போனுக்கு அதுவே எச்சரிக்கை அனுப்பும்.

புதிதாக வந்த இன்ஜினியர் சபாபதிக்கு அது பிடிக்கவில்லை.

"சும்மா சும்மா என்னத்த அனுப்புற? எல்லாத்தையும் சேர்த்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே மூட்டையா அனுப்பு. கம்ப்யூட்டர் ஒரே மூச்சில முடிச்சிரும்."

"மத்தியானம் வெள்ளம் வந்தா, ஐயா?"

"சொன்னதைச் செய்!"

மறுநாள் மத்தியானம் விருந்தாளிகளோடு வந்த சபாபதி, ஆற்று மணலில் நின்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். மலையில் மழை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்த தவமணி, கீழே இருந்தவர்களுக்குத் தானே போன் போட்டுச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயா, எல்லாரும் கரைக்கு ஏறுங்க!"

விருந்தாளிகள் ஏறிவிட்டார்கள். சபாபதி செல்போனை நீட்டினார். "கம்ப்யூட்டர் ரெண்டடின்னுதானே காட்டுது!"

"அது நேத்து சாயங்காலத் தண்ணி, ஐயா. இன்னைக்குத் தண்ணி உங்க பூட்ஸுக்குள்ள இருக்கு. அது ஆறு மணிக்குத்தான் கம்ப்யூட்டருக்குப் போகும்."

குனிந்து பார்த்தவர் துள்ளிக் கரையேறினார். விருந்தாளிகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

"மாசாந்திர மழைக்கணக்கை மூட்டையா அனுப்பறேன், ஐயா. ஆத்துத் தண்ணி மட்டும் அப்பப்ப போகட்டுமே?"

சபாபதி ஈரக் காலுறையைப் பிழிந்தபடியே சொன்னார்: "மணிக்கு ஒருதடவை போதாதும்மா. நிமிஷத்துக்கு ஒருதடவை அனுப்பு!"