மிதி, பிடி

ஜெசிந்தா மாஸ்டர் மாணவர்களின் வண்டியைக் கையால் தொடமாட்டார். கற்றுக்கொள்ள வருபவர் தன் வீட்டில், தன் வண்டியில், தன் கையால் வேலை செய்ய வேண்டும். மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நட்டைத் தப்பாக முடுக்கினால் மட்டும் வாயைத் திறப்பார். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

பதினைந்து வருஷம் பந்தய வண்டிகளுக்கு சஸ்பென்ஷனும் பிரேக்கும் கட்டியவர். வயது முப்பத்தெட்டு. அவரிடம் படிக்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்று. கோயம்புத்தூரில் மருந்துக் கடை.

வண்டி அவருடையது அல்ல. தம்பி குகனுடையது. இரண்டே கதவு, சிவப்பு, அவசரத்தில் பிறந்த மாதிரி ஒரு முகம். போன கார்த்திகையில் குகன் அதில் மலையிறங்கி வந்தான். இருபத்துமூன்றாவது வளைவில் சாலை திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் ஒரு மரத்தில் நின்றது. வண்டிக்கு முன்பக்கம் மட்டும் போனது. குகன் முழுதாகப் போனான்.

முன்பக்கத்தைச் சரிசெய்து வாங்கி, வண்டியை ஷெட்டில் பூட்டிவைத்தார் தணிகாசலம். ஏழு மாதம் கழித்து மாஸ்டரிடம் வந்தார்.

"எவ்வளவு வேகத்துல வந்தாலும் நிக்கணும் மாஸ்டர். அப்படி ஒரு பிரேக் போடணும்."

"ஓட்டப்போறது யாரு?"

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஷெட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். மாஸ்டர் திருப்பிக் கேட்கவில்லை.

நாலு மாதம் வேலை நடந்தது. பழைய ஸ்பிரிங், ஷாக் எல்லாம் இறங்கின, புதியவை ஏறின. முன் சக்கரங்களில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டிஸ்க். அதைக் கவ்விப் பிடிக்க, முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்கு காலிப்பர். நாலு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கும்படி ஸ்பிரிங்கைத் திருகி வைத்துவிட்டுத் தணிகாசலம் நிமிர்ந்தபோது, மாஸ்டர் முதல் தடவையாக, "பரவால்லீங்ணா" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

"இனி பிரேக் ஆயில் ஊத்திக் காத்து எடுக்கணும். அதை நான் இல்லாம செய்வீங்களா?"

"போன வருஷமே செஞ்சிருக்கேன் மாஸ்டர்" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

ஒன்பது நாள் கழித்து ஃபோன் வந்தது.

"பிடிக்குது மாஸ்டர். விடமாட்டேங்குது."

மாஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போது உச்சி வெயில். வாசலிலேயே வாசுகி நின்றிருந்தாள். தணிகாசலத்தின் மனைவி. தோளில் ஈரத்துணி.

"வாங்க அம்மணி. நல்லா இருந்த மனுசனுக்கு நல்லா சொல்லிக் குடுத்தீங்க. துணி காயப்போடக் கொல்லைக்குப் போனா ஷெட்டு ஜன்னல்ல சிவப்பா வெளிச்சம். பிரேக் லைட்டுங்களாம். இவரு சோத்துக்கு முன்னாடி உக்காந்திருக்காரு. அப்ப அங்க மிதிக்கிறது யாரு, உங்க ஸ்பேனரா?"

"பாக்கறங்க்கா" என்றார் மாஸ்டர்.

ஷெட்டில் வெயிலே இல்லை. தகரக் கூரை தகிக்க வேண்டிய நேரம், உள்ளே கிணற்றடி மாதிரி குளிர்ந்திருந்தது. வண்டியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பேட்டரி?"

தணிகாசலம் மேசையைக் காட்டினார். பேட்டரி அங்கே இருந்தது. "ரெண்டு நாளைக்கு முன்னாடியே கழட்டிட்டேன் மாஸ்டர்."

மாஸ்டர் விளக்குகளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சக்கரத்தைச் சுத்துங்க."

ஜாக்கியில் தூக்கியிருந்த பின்சக்கரத்தைத் தணிகாசலம் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. சக்கரம் அசையவில்லை.

"ஓஸ் குழாய் மாத்திட்டேன். சிலிண்டர் மாத்திட்டேன். காலிப்பரை ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன். எங்கயும் ஒண்ணுமில்ல. எல்லாம் புதுசு."

"இறக்கி வச்சு உயரம் அளங்க."

ஜாக்கியை இறக்கி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். இடது பக்கம் நாலு விரல். வலது பக்கம் மூன்று.

"அன்னிக்கு நாலும் சமமா இருந்துச்சே மாஸ்டர்."

"இருந்துச்சு. இந்த ஸ்பிரிங்குக்கு ஓட்டற பக்கம் ஒரு விரல் இறங்கணும்னா ஒரு ஆள் ஏறி உக்காரணும்." மாஸ்டர் சீட்டைப் பார்த்தார். காலி சீட். "உங்களை மாதிரி தாட்டியான ஆள் இல்லை. ஒல்லி."

தணிகாசலத்தின் கை மட்கார்டிலேயே இருந்தது.

"தம்பி எத்தனை கிலோ இருப்பான்?"

"அறுபத்தி நாலு."

"பெடலைத் தொட்டுப் பாருங்க."

கதவைத் திறந்து குனிந்து, கையை உள்ளே விட்டார். பிரேக் பெடல் அடிவரை இறங்கியிருந்தது. மேலே தூக்கிப் பார்த்தார். வரவில்லை. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னங்ணா?"

"ரப்பர் சூடா இருக்கு."

"வெயில் சூடா?"

"இல்லை." உள்ளங்கையைப் பார்த்தார். "கால் சூடு. அவன் செருப்பைக் கழட்டிட்டுத்தான் மிதிப்பான்."

மாஸ்டர் குனிந்து பெடலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "காத்து எடுத்தன்னிக்கு உள்ள உக்காந்து மிதிச்சது யாரு?"

பிரேக் குழாயில் காற்று எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் சக்கரத்தடியில் ஸ்பேனரோடு உட்கார வேண்டும். இன்னொருவர் சீட்டில். கீழே இருப்பவர் 'மிதி' என்றால் மேலே இருப்பவர் பெடலை மிதிக்க வேண்டும். 'பிடி' என்றால் காலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். கீழே நட்டைத் திறந்தால் ஆயிலோடு காற்றுக் குமிழி வரும். நட்டை மூடிவிட்டு 'விடு' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். காற்று இருந்தால் பெடல் மெத்தென்று இறங்கும், பிரேக் பிடிக்காது.

"வாசுகிதான் மாஸ்டர்" என்றார் தணிகாசலம்.

"யாரு, நானா?" ஷெட்டு வாசலிலிருந்து வாசுகியின் குரல் வந்தது. "இந்தக் கதவை நான் தாண்டி ஒரு வருசமாச்சு. எம் பேரை இழுக்காதீங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று புரிந்ததும், வாசுகி தோள் துணியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள். மெதுவாக சமையலறைப் பக்கம் நடந்தாள்.

தணிகாசலம் பின்சக்கரத்தின் பக்கத்தில் முழங்காலிட்டார், வகுப்புக்கு வெளியே டீச்சர் முட்டிபோட வைத்த பிள்ளை மாதிரி.

"வாசுகின்னு கூப்பிட்டேன் மாஸ்டர். வண்டிக் கதவு திறந்து மூடுற சத்தம் கேட்டுச்சு. அவதான்னு நெனச்சேன். மிதின்னேன், மிதிச்சாங்க. பிடின்னேன், பிடிச்சாங்க. விடுன்னேன், விட்டாங்க. மூணு சக்கரம் அப்படியே. அவ்வளவு கச்சிதம். நாலாவதுல பிடின்னு சொல்லி, நட்டை மூடிட்டு நிமிர்ந்து பாத்தேன். ஷெட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வாசுகி கொடியில துணி போட்டுட்டிருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"விடுன்னு சொன்னீங்களா?"

"சொல்லலை."

"ஏனுங்ணா?"

தணிகாசலம் ஸ்பேனரை எடுத்தார், வைத்தார்.

"போன வருஷம் இதே இடம். நான் கீழ, அவன் மேல. வீடியோ பாத்து நானே பிரேக் பேடு மாத்துனேன். மெக்கானிக் எதுக்குன்னு ஒரு திமிரு. நாலு சக்கரமும் முடிஞ்சுது. 'அண்ணா, பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு, இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாமா'ன்னான். 'போதும்டா, சோறு ஆறுது, இறங்கு'ன்னேன்." நிறுத்தினார். "மூணாம் நாள் மலைக்குப் போனான்."

கூரைத் தகரம் எங்கோ ஒருமுறை டப்பென்றது.

"இந்தத் தடவை திரும்பத் திரும்பப் பாத்தேன் மாஸ்டர். ஒரு குமிழி இல்ல. கண்ணாடி மாதிரி வந்துச்சு ஆயில்."

"தெரியுது. நல்லா செஞ்சிருக்கீங்க."

"அப்ப அது? அது என் கையாலதான் போச்சா? நீங்க சொல்லுங்க. பழைய பிரேக்கை அப்படியே சாக்குல கட்டி வச்சிருக்கேன். பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"எங்கிட்ட எதுக்குங்ணா கேக்கறீங்க? மிதிச்சவன் உள்ள உக்காந்திருக்கான்."

தணிகாசலம் மாஸ்டரையே பார்த்தார். கேலி செய்கிறாரா என்று பார்த்தார். இல்லை. எழுந்து வண்டி ஜன்னலோரம் போய், காலி சீட்டைப் பார்த்துக் குனிந்தார்.

"குகா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெடல் எப்படிடா இருக்கு?"

ஸ்பிரிங் மெல்ல முனகியது, முன்னால் குனிந்திருந்த ஆள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததுபோல. அவ்வளவுதான். விளக்கு அப்படியே எரிந்தது.

"பேசமாட்டேங்கிறான் மாஸ்டர்."

"நீங்க பேசவா சொன்னீங்க? பிடின்னு சொன்னீங்க. பிடிச்சிட்டிருக்கான்."

"அன்னிக்கு அவன் பேச்சை நான் கேக்கலை. இன்னிக்கும் நான் சொன்னபடி உக்காந்திருக்கான் பாருங்க." தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "தினமும் வந்து இந்த நாற்காலியில உக்காந்துக்கறேன் மாஸ்டர். கடையை மூடிட்டு வந்துடறேன். அவன் அங்க இருக்கான், நான் இங்க இருக்கேன். வண்டி ஓடலைன்னா என்ன இப்ப? ஓட்டறதுக்கா இத்தனையும் மாட்டுனேன்?"

மாஸ்டர் எழுந்தார். ஒரு கணம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பையைத் தோளில் போட்டார்.

"விடுன்னு சொன்னா இறங்கிப் போயிடுவான்" என்றார் தணிகாசலம். "அப்புறம் வரமாட்டான். என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

சமையலறையிலிருந்து வாசுகியின் குரல் வந்தது. எப்போதும் வருகிற குரல்தான், இன்றைக்குக் கொஞ்சம் நடுங்கியது.

"ஏனுங்க, சோறு ஆறுது!"

தணிகாசலத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வண்டியைப் பார்த்தார். வலது பக்கம் மூன்று விரல். சிவப்பு விளக்கு.

மாஸ்டர் ஷெட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஒன்பது நாளா ரெண்டு வேளை, மூணு வேளைன்னு நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வந்துட்டீங்க" என்றார். "அவன் காலை எடுக்காம உக்காந்திருக்கான். அவனுக்கும் பசிக்குமில்லீங்ணா."