விசில் ஊதிய தலைமை ஆசிரியர்

கரட்டுமலை அடிவாரத்தில் முயல்களின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கு எதிரே காரைப்புதருக்குள் ஒரு நரி மூன்று நாளாகப் பதுங்கிக் கிடந்தது.

குட்டிகளைப் பிடிக்கத்தான் அது வந்தது. ஆனால் தினமும் மாலையில் குட்டிகள் மைதானத்தை ஐந்து சுற்று ஓடின. பாறை இடுக்குவரை பாய்ந்து திரும்பின. 'இதுகளைப் பிடிக்க நம்மால் ஆகாது' என்று நரி சோர்ந்துபோனது.

அப்போதுதான் அதன் கண்ணில் வேப்பமரத்து நிழல் பட்டது. அங்கே தலைமை ஆசிரியர் செம்பியன் தொந்தியும் விசிலுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மற்ற ஆசிரியர்கள், சமையல்காரம்மா, குட்டிகளை அழைத்துப்போக வந்த பெற்றோர். எல்லோரும் புல்லைக் கொறித்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"ஓடுங்க! ஓடினாத்தான் உயிர் பிழைக்கலாம்!" என்று கத்தினார் செம்பியன்.

விளையாட்டு ஆசிரியை வஞ்சி அவரிடம் வந்தாள். "ஐயா, நீங்களும் ஒரு சுற்று வாங்களேன்!"

"நான் ஓடி எந்தப் பரிசு வாங்கப்போறேன், டீச்சர்? அதெல்லாம் பிள்ளைங்களுக்கு!"

நிழலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வஞ்சியின் முகம் சுண்டிப்போயிற்று.

'ஊருக்குத்தான் உபதேசமா!' என்று நரி சப்புக்கொட்டியது. மறுநாள் மாலை அது நேரே வேப்பமரத்தை நோக்கிப் பாய்ந்தது.

"நரி! பாறைக்கு ஓடுங்க!" என்று வஞ்சி அலறினாள்.

கண் இமைக்கும் நேரத்தில் குட்டிகள் இடுக்குக்குள் நுழைந்துவிட்டன. பெரியவர்கள் விழுந்தடித்து, தட்டுத்தடுமாறி உள்ளே வந்து சேர்ந்தார்கள். செம்பியன் மட்டும் இன்னும் பாதி வழியில்! மூச்சு இரைத்தது. கால்கள் பின்னின. நரி ஒரே கவ்வாகக் கவ்வியது. நல்ல வேளை, வால் முடிதான் சிக்கியது.

"ஐயோ, ஐயாவைப் பிடிச்சிரும்!" என்று ஒரு குட்டி அழுதது.

வஞ்சி வெளியே பாய்ந்தாள். அவள் பின்னால் பத்துக் குட்டிகள்! ஒன்று நரியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடியது. நரி அதன்மேல் திரும்பினால், மறுபக்கம் இன்னொன்று!

"ஐயா, நிக்காதீங்க! வந்திருங்க!" என்று வஞ்சி கத்தினாள்.

எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நரி சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து நின்றது. அதற்குள் செம்பியன் தவழ்ந்து உள்ளே போனார். வஞ்சியும் குட்டிகளும் அடுத்த கணமே உள்ளே!

நரி அலுத்துப் போய்விடும்வரை எல்லோரும் இடுக்குக்குள்ளேயே இருந்தார்கள். பிறகு செம்பியன் விசிலைக் கழற்றி வஞ்சியிடம் நீட்டினார்.

"டீச்சர், நாளைக்கு எங்களுக்கும் சேர்த்து ஊதுங்க!"

மறுநாள் மாலை வேப்பமரத்து நிழலில் ஒருவரும் இல்லை.

பிள்ளைகளை ஓடச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால், ஆபத்து உட்கார்ந்தவர்களைத்தான் முதலில் தேடி வரும்.