இடது நானூறு, வலது ஆயிரம்

மெர்லின் டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் பாடம் படிக்க வந்த பொன்பாண்டிக்கு அறுபது. பாளையங்கோட்டையில் மெர்லின் நடத்திய சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் இதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை, பொன்பாண்டியைத் தவிர. "மைக் செட் போட்டே தல நரச்சவன், இப்ப மவுஸ் பிடிக்கப் படிக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் வந்தது ஒரே ஒரு கேசட்டுக்காக.

பொன்பாண்டியும் தாவீதும் கூட்டாக மைக் செட் வைத்திருந்தவர்கள். கபடிப் போட்டிக்கு வர்ணனையும் அவர்களேதான். ஆளுக்கொரு மைக் பிடித்துப் பேசினால் எது யார் என்று ஊருக்கே தெரியாது. அப்படி ஒரே மாதிரிக் குரல். ஆம்ப்ளிஃபயர் சூடாகும் வாசனையும், மைதானத்துப் புழுதியும், கூட்டத்தின் விசிலும்... எவ்வளவு நல்ல காலம் அது! பிறகு ஒரு போட்டியன்று சண்டை. அதோடு பேச்சு நின்றுபோனது.

போன வருஷம் தாவீது இறந்தார். அப்போதுதான் பொன்பாண்டிக்கு உறைத்தது, தாவீதின் குரல் தனக்கு நினைவில்லை என்று. எவ்வளவு யோசித்தாலும் தன் குரல்தான் காதில் வந்து நின்றது. கையில் மிச்சம் இருந்தது அந்தக் கடைசிப் போட்டியை ஒரு மைக் இடது பக்கமும் இன்னொன்று வலது பக்கமுமாகப் பதிந்த ஸ்டீரியோ கேசட் மட்டும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்.

அன்று காலை கேட்டார்: "டீச்சர், இதுல எது தாவீது, எது நான்?"

"அவரு மைக் எந்தப் பக்கம்?"

"எப்பவும் இடது. நான் வலது. ஆனா இடது ஸ்பீக்கர்ல வாரவன் 'விடாதல மாப்ள, விடாத'ங்கான். அது நான் சொல்லுத பேச்சுல்லா?"

மெர்லின் இரண்டு ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்பீக்கர சோதிக்க டோன் சத்தம் போட்டுப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"ஸ்பீக்கர் மாட்டுனதுமே பாத்தேன். ரெண்டு பக்கமும் ஜோரா வந்துது."

"என்ன டோன்?"

"ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆயிரம்."

"இப்ப வேற வேற வைங்க. இடதுல நானூறு, வலதுல ஆயிரம்."

பொன்பாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு டிராக்குகளைத் திறந்தார். ஒன்றில் நானூறு ஹெர்ட்ஸ் டோன் உருவாக்கி இடது பக்கம் தள்ளினார். இன்னொன்றில் ஆயிரம், வலது பக்கம். ஓடவிட்டார்.

நானூறின் தடித்த சத்தம் வலது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. ஆயிரத்தின் கீச்சென்ற சத்தம் இடதிலிருந்து.

எழுந்து மேஜைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். வயர்கள் இடம் மாறியிருந்தன. மாட்டியது சாட்சாத் அவரேதான். நாற்பது வருஷ மைக் செட்காரர் செய்கிற வேலையா இது!

"வெக்கமா இருக்கு டீச்சர்."

"ஒரே சத்தத்த ரெண்டு பக்கமும் விட்டா, மாறிப்போனது எப்படித் தெரியும்?"

வயரை மாற்றிவிட்டுப் பதிவை மறுபடி ஓடவிட்டார்கள். இப்போது இடதில் பேசியவர் வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சை உறிஞ்சி இழுத்தார்.

"அவன்தான்! மூச்ச எப்படி உறிஞ்சுதான் பாருங்க. தாவீதேதான்." பொன்பாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆரம்பம் எங்க அண்ணாச்சி? எடுத்த எடுப்புல ஆட்டம் வருது?"

"அது வெறும் மைக் டெஸ்டிங் டீச்சர். வெட்டிட்டேன்."

வெட்டியதை மெர்லின் திரும்பக் கொண்டுவந்தார்.

இடது ஸ்பீக்கரில் தாவீது பேசினார். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ... ஏலே பாண்டி, என் சத்தம் அங்க வருதா?"

வலதில் வெறும் இரைச்சல்.

"ஏலே, இன்னும் கோவமா?"

இரைச்சல்.

"பாண்டி?"

பிறகு நடுவரின் விசில். ஆட்டம் தொடங்கிவிட்டது.

பொன்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"வர்ணனைய யாரு தொடங்குததுன்னு காலையில சண்ட. இம்புட்டூண்டு விஷயம். பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் டீச்சர். வேணும்னேதான் வாயத் தொறக்கல."

மெர்லின் அவரைத் தேற்றவில்லை. பதிவைப் பின்னால் கொண்டுபோய், தாவீது பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் நிறுத்தினார். மைக்கை நகர்த்திப் பொன்பாண்டியின் முன்னால் வைத்தார்.

"வலது பக்கம் இன்னும் காலியாத்தான் இருக்கு அண்ணாச்சி. பேசுங்க."