சேவல் பிடித்த விரதம்

கோயில் தர்மகர்த்தா வைத்திலிங்கம் சஷ்டி விரதம் இருந்தார். தன் சேவலையும் பட்டினி போட்டு, ராத்திரி தன்னோடு அறைக்குள் பூட்டிக்கொண்டார். “முருகன் கொடியில இருக்கிற ஜாதி, அதுவும் விரதம் இருக்கு!” என்று ஊரெல்லாம் பெருமை.

காலையில் விரதச் சேவலைப் பார்க்கக் கூட்டம் வந்தது. சேவலின் கழுத்தடியில் இரைப்பை பந்தாய் வீங்கியிருந்தது. தர்மகர்த்தா வேலைக்காரி மாடத்தி மீது பாய்ந்தார்.

“திருட்டுத்தனமா கம்பு போட்டியா? இல்லேன்னா சேவல் மேல கத்தி வைக்காம இரைப்பைக்குள்ளே இருக்கறதை எடுத்துக் காட்டு. முடியாட்டி வேலையை விட்டுப் போ!”

மாடத்தி சேவலின் வாயில் நல்லெண்ணெய் விட்டாள். இரைப்பையை மெல்ல நீவி, சேவலைத் தலைகீழாய்ச் சாய்த்தாள். கறிவேப்பிலையோடு உளுந்தவடைத் துண்டுகள் விழுந்தன.

“கம்பு இல்லீங்க ஐயா, வடை. அறைச் சாவி ராத்திரி பூரா உங்க இடுப்புலதான் இருந்துச்சு. விரதத்தை முறிச்சது சேவல் மட்டும்தானுங்களா?”