ஆறாவதாக வந்த செய்தி

ஏரிக்கரைத் தெருவின் வீட்டு நாய்கள் ஞாயிறுதோறும் காலையில் கரைமேல் கூட்டம் போடும். தலைவர் கட்டைவால். அதற்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். முதலில் வரவேற்புரை. அடுத்து தலைமையுரை. பிறகு எல்லோர் முதுகிலும் தாமரை இலை போர்த்துவார்கள். அதன்பின் இரண்டு வாழ்த்துரை. ஊர்ச் செய்தி ஆறாவதுதான்.

செய்தியை முன்னால் வைத்தால் கேட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள் என்பது கட்டைவாலின் மனக்குறை. அது பொய்யில்லை. பலமுறை அப்படித்தான் நடந்திருக்கிறது.

அன்று ஆள்காட்டிக் குருவி மூச்சிரைக்க ஓடிவந்தது. ஏரியின் வடக்குப் பக்கம் யாரோ மண் அள்ளியதில் பெரிய குழி விழுந்திருந்தது. மழையில் அது நிரம்பி, மேலே ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. பார்த்தால் புல்தரை மாதிரி இருக்கும். அன்று விடியற்காலையில் அதில் கால் வைத்த வெள்ளாடு ஒன்று உள்ளே போனது, மேலே வரவே இல்லை. குருவி அதைக் கண்ணால் பார்த்தது.

“தலைவரே, அவசரச் செய்தி.”

“உட்காரும்மா. உன் பேரு ஆறாவதா இருக்கு.”

மூன்று நாளாக வரவேற்புரை தயார் செய்தவரை அவமானப்படுத்தச் சொல்கிறாயா என்றும் கேட்டது கட்டைவால். குருவி உட்கார்ந்துவிட்டது. கரையில் யார் நடந்தாலும் ஊரே திரும்பிப் பார்க்கக் கத்துகிற குருவி அது. சபையில் கத்தினால் மரியாதையாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டது.

கடைசி வரிசையில் செவலை இருந்தது. அது குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கு குட்டிகளும் மாடிப்படிக்குக் கீழே பசியோடு கிடக்கும். செய்தியைக் கேட்டதும் ஓடிவிடலாம் என்றுதான் வந்திருந்தது. பேச்சோ முடிகிற மாதிரி தெரியவில்லை.

“நன்றியுரை வர்றதுக்குள்ள உன் குட்டிங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்” என்றது பக்கத்தில் இருந்த சொக்கன்.

இலை போர்த்தும் நேரம் வந்தது. போர்த்திய இலை வழுக்கி விழும். மறுபடி எடுத்துப் போர்த்துவார்கள். குருவிக்கும் ஒன்று போர்த்தினார்கள். அது முழுதாக மறைந்தே போனது. வாழ்த்துரை இரண்டும் முடியும்வரை இலைக்கு அடியிலேயே அடக்கமாக இருந்தது.

ஒருவழியாக ஆறாவது பெயரைக் கூப்பிட்டார்கள். குருவி இலையை விட்டு வெளியே வந்தது. பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்கியது. பேசி அமர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கியது.

செவலையால் இனி முடியாது. மடி கனத்து வலித்தது. எழுந்து, வீட்டுக்குக் குறுக்கு வழியான வடக்குப் பக்கம் ஓடியது.

குருவி அதைப் பார்த்தது. இன்னும் இரண்டு பெயர் பாக்கி இருந்தது. பாதியில் விட்டால் அவர்கள் வருத்தப்படுவார்களே என்று அதையும் சொல்லி முடித்தது. பிறகுதான், “வடக்குப் பக்கம் ஒரு குழி...” என்றது.

அதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டுவிட்டது.

சொக்கன்தான் முதலில் ஓடியது. கரையோரம் படுத்து, கொடிகளுக்கு நடுவே தெரிந்த செவலையின் காதைக் கவ்வியது. மற்ற நாய்கள் சொக்கனின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தன. காது பாதி கிழிந்தது. உயிர் தப்பியது.

செவலை தண்ணீரைக் கக்கி முடித்துக் குருவியைப் பார்த்தது.

“அக்கா, குழின்னு ஒரே வார்த்தை. வந்ததும் கத்தியிருந்தா என்ன?”

“என் முறை வரலையே” என்றது குருவி.

“என் குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கல. அதுங்ககிட்ட வந்து இதைச் சொல்லு.”

செவலை ரத்தம் சொட்டச் சொட்ட, சுற்று வழியில் வீட்டுக்கு நடந்தது.

கட்டைவால் தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றியுரை மட்டும்தான் பாக்கி, எல்லோரும் உட்காரலாம் என்றது. யாரும் உட்காரவில்லை.

உயிருக்கு ஆபத்தான செய்தியை வைத்திருப்பவர் தன் முறைக்காகக் காத்திருக்கக் கூடாது; அதைக் கேட்க வேண்டியவர் முறையைக் காட்டி அவரை நிறுத்தவும் கூடாது.